கவசத்தின் இரண்டாம் அடுக்கு: விண்கலங்களில் ஏரோஜெல் செய்யும் வேலை

2006ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், பொழுது விடியும் முன், நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலத்திலிருந்து பிரிந்த சிறிய பெட்டகம் ஒன்று விநாடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்து, அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைல்டு-2 என்னும் வால்நட்சத்திரத்தின் அருகில் பறந்தபோது சேகரித்த தூசு அதற்குள் இருந்தது. விநாடிக்கு 6.1 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதிய அந்தத் துகள்களைப் படிப்படியாக வேகம் தணித்து நிறுத்திப் பிடித்துவைத்திருந்த பொருள், பெரும்பகுதி காற்றாலான மிக இலேசான திடப்பொருளாகிய சிலிக்கா ஏரோஜெல். ஆனால் பெட்டகம் எரிந்து போகாமல் காத்தது வேறொரு பொருள். கார்பன் இழைகளாலான கட்டமைப்பில் பீனாலிக் பிசினை ஊட்டிச் செய்த, ‘பிகா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கவசம்தான் அதன் முகப்பில் இருந்தது. அது வெப்பத்தில் கருகி, தேய்ந்து, அந்தத் தேய்மானத்தோடு சேர்த்தே வெப்பத்தையும் வெளியேற்றிவிடும்.

திடப்பொருள்களிலேயே மிகச் சிறந்த வெப்பத்தடுப்பான் என்று பெயரெடுத்த ஏரோஜெல் அதே பெட்டகத்துக்குள் இருந்தும் அதை ஏன் முகப்பில் வைக்கவில்லை? வாயு அடுப்பின் நீலச்சுடருக்கு மேலே புகைபோன்ற மெல்லிய பலகை, அதன்மேல் வாடாமல் இருக்கும் பூ என்று இணையத்தில் பலமுறை பகிரப்பட்ட படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் எழும். படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பலகையை யாரும் மடிக்கவில்லை, உலுக்கவில்லை, ஒலியைவிடப் பல மடங்கு வேகமான காற்றோட்டத்தில் நிறுத்தவும் இல்லை. விண்வெளித் துறையில் ஏரோஜெல்லின் உண்மையான இடம், பிழம்பை நேரில் சந்திக்கும் முதல் அடுக்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் அடுக்கு. அந்த இடத்துக்குத் தகுதி பெறுவதற்கே அது இழையோடும் கரியோடும் வேறு ஆக்சைடுகளோடும் கலந்து, தன் பழைய கண்ணாடித் தோற்றத்தை இழக்க வேண்டியிருந்தது.

இந்தப் பொருளை முதலில் உருவாக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர். ஒரு கூழ்மத்திலிருந்து (ஜெல்) நீர்மத்தை மட்டும் எடுத்துவிட்டு, அதன் திடச் சட்டகத்தை அப்படியே நிற்கவைக்க முடியும் என்று அவர் 1931இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையில் காட்டினார். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலை ஏன் கடினம் என்பது, கோடையில் வற்றிய ஏரியைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். வண்டலிலிருந்து நீர் ஆவியாகும்போது, எஞ்சிய நீரின் பரப்பு இழுவிசை மண் துகள்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. தரை சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. கூழ்மத்தின் துளைகளோ மண்ணின் இடைவெளிகளைவிடப் பல மடங்கு சிறியவை. துளை சிறுக்கச் சிறுக்க இந்த இழுப்பு கூடிக்கொண்டே போகும் என்பதால், கூழ்மத்தைச் சும்மா வெயிலில் வைத்தால் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிக் கெட்டியான மணியாகிவிடும்.

கிஸ்ட்லர் கண்ட வழி, இழுவிசையே இல்லாத நிலைக்கு நீர்மத்தைக் கொண்டுபோவது. துளைகளிலுள்ள நீரை ஆல்கஹாலால் மாற்றி, மூடிய உருளையில் அதன் மாறுநிலை வெப்பநிலைக்கும் மாறுநிலை அழுத்தத்துக்கும் மேலே கொண்டுசென்றால், நீர்மம் என்றும் வாயு என்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலை வருகிறது. அங்கே பரப்பு என்று ஒன்று இல்லாததால் பரப்பு இழுவிசையும் இல்லை. அழுத்தத்தை மெல்லத் திறந்துவிட்டால் சட்டகம் அசையாமல் நிற்க, உள்ளிருந்தது வாயுவாக வெளியேறிவிடும். எத்தனாலுக்கு இதற்குச் சுமார் 241 டிகிரி செல்சியஸும், காற்றழுத்தத்தைப் போல 60 மடங்கு அழுத்தமும் வேண்டும். சூடான, அழுத்தப்பட்ட ஆல்கஹாலைத் தொட்டியில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 1984இல் சுவீடனில் ஓர் ஆலை வெடித்துக் காட்டியது. அதை அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பரம் திவாரி, ஆர்லன் ஹன்ட் ஆகியோர் ஆல்கஹாலுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு உலர்த்தும் முறையை வெளியிட்டார்கள். அதன் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி மட்டுமே. தீப்பிடிக்கும் அச்சமும் இல்லை. ஏரோஜெல் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்ததில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

சிலிக்கா ஏரோஜெல் துண்டு ஒன்றைக் கருப்புத் துணிமேல் வைத்தால் வெளிர்நீலமாகத் தெரியும். அதையே வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இளமஞ்சளாகத் தெரியும். வானத்தை நீலமாகவும் மாலைச் சூரியனைச் செம்மஞ்சளாகவும் காட்டும் அதே ஒளிச்சிதறல்தான் இங்கும் நடக்கிறது, ஏனென்றால் அதன் கட்டமைப்பு ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. விரலால் தொட்டால் தோலின் ஈரத்தை உறிஞ்சுவதால் ஒரு வறண்ட உணர்வு ஏற்படுகிறது. கையில் எடை இருப்பதே தெரியாது. மெல்ல அமுக்கினால் சிறிது தாங்கும்; இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடியைப் போல நொறுங்கும். நீர் விலக்கும் பூச்சு பெறாத துண்டின்மேல் ஒரு சொட்டு நீர் விழுந்தால் போதும், கிஸ்ட்லர் தவிர்த்த அதே இழுவிசை திரும்பி வந்து அந்த இடத்தை அப்படியே உட்குழியச் செய்துவிடும்.

வெப்பம் இதற்குள் ஏன் நகர முடியவில்லை? திடப்பொருள் வழியான கடத்தல், துளைகளிலுள்ள வாயு வழியான கடத்தல், கதிர்வீச்சு என்று மூன்று வழிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வெப்பச்சலனத்துக்கு இங்கே இடமே இல்லை. இத்தனை குறுகிய துளையில் காற்று சுழன்று ஓட முடியாது. திடப்பகுதி மொத்தக் கனஅளவில் சில விழுக்காடுதான். அதுவும் சில நானோமீட்டர் அகலமுள்ள மணிகள் முத்துமாலைபோல் கோத்துக்கொண்டு வளைந்து வளைந்து செல்லும் பாதை என்பதால், அவ்வழியே வெப்பம் வெகுதூரம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. வாயுவின் கதைதான் இன்னும் நுட்பமானது. சாதாரண அழுத்தத்தில் காற்றின் ஒரு மூலக்கூறு இன்னொன்றை மோதுமுன் கடக்கும் சராசரி மோதலிடைத் தூரம் சுமார் 70 நானோமீட்டர். ஏரோஜெல்லின் துளைகளில் பெரும்பாலானவை 2 முதல் 50 நானோமீட்டர் வரைதான். ஆகவே மூலக்கூறு தன் ஆற்றலை அடுத்த மூலக்கூறுக்குக் கைமாற்றும் முன்பே சுவரில் மோதித் திரும்புகிறது. அசையாத காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட், நல்ல சிலிக்கா ஏரோஜெல்லுக்கு அது 0.015 வாட் அளவில் நிற்கிறது. பெரும்பகுதி காற்றாலான ஒரு பொருள் காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்துவதற்கு இந்தத் துளை அளவே காரணம்.

இந்தப் பண்பு முழுப்பயன் தந்த இடம் செவ்வாய். 1997 ஜூலை 4ஆம் நாள் அங்கே இறங்கிய சோஜர்னர் என்ற பத்தரைக் கிலோ ஊர்தி, −70 டிகிரிக்கும் கீழே போகும் இரவுகளில் தன் மின்னணுப் பாகங்களைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கென இருந்தவை பகலில் கிடைக்கும் சூரிய மின்சாரமும், ஒவ்வொன்றும் ஒரு வாட் வெப்பம் தரும் மூன்று கதிரியக்கச் சூடேற்றிகளும்தான். வெற்றிடத்தில் செயற்கைக்கோள்களைப் போர்த்தும் பளபளப்பான பல்லடுக்குத் தாள் இங்கே கைகொடுக்காது. அது கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும், ஆனால் செவ்வாயின் மெல்லிய கார்பன் டை ஆக்சைடு வாயு, தாளின் அடுக்குகளுக்கிடையே புகுந்து வெப்பத்தைக் கடத்திவிடும். அந்த வாயுவின் அழுத்தம் பூமியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அங்கே மூலக்கூறின் மோதலிடைத் தூரம் சில மைக்ரோமீட்டராக நீள்கிறது. ஏரோஜெல்லின் நானோ துளைகளுக்குள் வாயுக் கடத்தல் ஏறக்குறைய நின்றே போகிறது. ஏழு செவ்வாய் நாள்களுக்கென்று திட்டமிட்ட சோஜர்னர் 83 நாள்கள் இயங்கியது. 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளின் மின்னணுப் பெட்டிகளிலும் ஏரோஜெல்லே காப்பாக இருந்தது.

குளிரைத் தடுப்பதில் இவ்வளவு தேர்ந்த பொருள், கடும் சூட்டில் இரண்டு விதங்களில் தடுமாறுகிறது. முதலாவது கதிர்வீச்சு. சூடான பரப்பு வீசும் கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுவதால், 300 கெல்வினிலிருந்து 1500 கெல்வினுக்குப் போகும்போது அது ஐந்து மடங்காக அல்ல, 625 மடங்காகப் பெருகுகிறது. அறை வெப்பநிலையில் வெப்பக் கதிர்களின் அலைநீளம் 10 மைக்ரோமீட்டரை ஒட்டியிருக்கும். அவற்றைச் சிலிக்கா நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். சூடு ஏற ஏற அலைநீளம் குறைந்து, 1000 கெல்வினில் 3 மைக்ரோமீட்டருக்கு அருகே வந்துவிடும். அந்தப் பகுதியில் சிலிக்கா ஏறத்தாழச் சன்னல் கண்ணாடியைப் போல ஒளி ஊடுருவ விடுவது. வாயுவையும் திடத்தையும் அடைத்த கோட்டையில் கதிர்கள் நுழையப் பெரிய வாயில் திறந்து கிடக்கிறது. அந்த வாயிலை மூடத்தான் கார்பன் கரித்தூள், டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடு போன்ற துகள்களைக் கூழ்மத்திலேயே கலக்கிறார்கள். கார்பன் மிகச் சிறந்த உறிஞ்சி. ஆனால் காற்றிருக்கும் இடத்தில் சில நூறு டிகிரிக்கு மேல் அதுவே எரிந்துபோகும். அங்கே ஆக்சைடோ கார்பைடோதான் நிலைக்கும்.

இரண்டாவது தடுமாற்றம் அந்தச் சட்டகத்தின் நுண்மையிலேயே இருக்கிறது. விண்வெளி ஓடத்தை மூடியிருந்த கருப்பு ஓடுகளும் சிலிக்காவால் ஆனவைதான். கனமீட்டருக்கு 144 கிலோகிராம் எடையுள்ள அந்த இழை ஓடுகள் 1,260 டிகிரி வரை மீண்டும் மீண்டும் தாங்கின. அதே சிலிக்கா ஏரோஜெல் வடிவில் 600, 700 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்குவது ஏன்? ஒரு கிராம் ஏரோஜெல்லின் உட்பரப்பை விரித்தால் 600 முதல் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறக்குறைய 15 முதல் 25 சென்ட் நிலம். இவ்வளவு பரப்பைச் சுமக்கும் பொருள் வாய்ப்புக் கிடைத்தால் அதைக் குறைத்துக்கொள்ளவே முயலும். சூடு அந்த வாய்ப்பைத் தருகிறது. அண்டை மணிகள் கழுத்துப் பகுதியில் இளகி ஒட்டி, துளைகள் மூடி, வெப்பத்தைத் தடுத்த அமைப்பே அழிந்துபோகிறது. அலுமினா ஏரோஜெல் 1,000 டிகிரியைத் தாண்டியும் நிற்கிறது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ரிச்சர்டு பெகாலா 1989இல் வெளியிட்ட ரெசார்சினால்-பார்மால்டிஹைடு கூழ்மத்தைக் கரியாக்கிப் பெறும் கார்பன் ஏரோஜெல், ஆக்சிஜன் இல்லாத சூழலில் 2,000 டிகிரியையும் தாங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சூடு, ஆக்சிஜன், விசை மூன்றையும் ஒன்றாகத் தாங்கும் தனிப்பொருள் இவற்றில் இல்லை.

‘உலகின் மிக இலேசான திடப்பொருள்’ என்ற போட்டியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திரும்பி வரும் விண்கலத்துக்குச் சில நிமிடங்களே காப்பு தேவை. அந்த நிமிடங்களுக்குள் வெப்பம் மறுபக்கம் போய்ச் சேருமா என்பது கடத்துத்திறனை மட்டும் பொறுத்ததல்ல. வழியில் இருக்கும் பொருளைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் செலவாகிறது என்பதையும் பொறுத்தது. கனமீட்டருக்கு 100 கிலோகிராம் எடையுள்ள, 0.015 வாட் கடத்துத்திறன் கொண்ட ஏரோஜெல்லில் ஒரு சென்டிமீட்டர் தடிமனை வெப்பம் ஊடுருவ, தோராயக் கணக்கில் 11 நிமிடம் ஆகும். எடையை 10 கிலோகிராமாகக் குறைத்து, கடத்துத்திறன் 0.020 வாட் என்று வைத்துக்கொண்டால், அதே தடிமனை 50 விநாடியில் கடந்துவிடும். மொத்த எடையில் இலேசான பொருள்தான் இன்னும் வெல்லும், ஆனால் அதே காப்பைப் பெற மூன்றரை மடங்குக்கு மேல் தடிமன் வேண்டும். பொருள் இலேசாக ஆக ஆகக் கதிர்வீச்சும் எளிதாக ஊடுருவும். மடித்து ஒரு குறுகிய கூட்டுக்குள் அடைக்க வேண்டிய கவசத்தில் தடிமன் என்பது எடையைப் போலவே விலை கூடிய சரக்கு. சாதனை அறிவிப்புகளில் அடர்த்தியை மட்டும் படித்துவிட்டு வியப்பதை நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

நொறுங்கும் தன்மைக்குக் கிடைத்த விடைதான் இந்தத் துறையை உண்மையில் மாற்றியது. இழைப் பஞ்சுப் படலம் ஒன்றைக் கூழ்மக் கரைசலில் நனைத்து, இழைகளுக்கிடையே கூழ்மத்தை உறையவைத்து, பிறகு மொத்தமாக உலர்த்தினால், சுருட்டவும் கத்தரிக்கவும் கூடிய போர்வை கிடைக்கிறது. ஏரோஜெல் தானே வளைவதில்லை. உள்ளே சிறுசிறு துண்டுகளாக உடைகிறது, ஆனால் இழைகள் அத்துண்டுகளை இடம்விட்டு நகராமல் பிடித்துக்கொள்கின்றன. வெட்டும்போது வெண்தூள் கையெல்லாம் படிவது அதனால்தான். ராக்கெட் ஏவுதளங்களில் திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன் குழாய்களைப் போர்த்தும் தேவைக்காக நாசாவின் கென்னடி விண்வெளி மையம் ஊக்கமளித்த இந்த முயற்சி, 2001இல் தொடங்கிய ஆஸ்பென் ஏரோஜெல்ஸ் நிறுவனத்தின் வழியாக வணிகப் பொருளாயிற்று. இன்னொரு வழி வேதியியலிலேயே நெகிழ்வைக் கொண்டுவருவது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் ஏ. வெங்கடேஸ்வர ராவ் குழுவினர், மெத்தில்ட்ரைமெத்தாக்சிசிலேன் என்ற மூலப்பொருளைக் கொண்டு வளையக்கூடிய, நீரை முற்றிலும் விலக்கும் சிலிக்கா ஏரோஜெல்லை 2006இல் வெளியிட்டார்கள். இதில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் ஒரு மெத்தில் தொகுதியைச் சுமப்பதால் சட்டகத்தின் பிணைப்புகள் குறைந்து, அமுக்கினால் நொறுங்காமல் வளைந்து கொடுக்கிறது.

தீயைத் தாங்குவது என்ற பேச்சு சிக்கலாவதும் இந்த மெத்தில் தொகுதியால்தான். தூய சிலிக்கா ஏற்கெனவே முழுமையாக ஆக்சிஜனேற்றம் பெற்ற பொருள். எரிவதற்கு அதில் எதுவும் இல்லை. நீரை விலக்கச் சேர்க்கும் மெத்தில் தொகுதியோ கரிமப் பொருள். சில நூறு டிகிரியில் அது காற்றில் எரிந்து வெளியேறும், சிறிது வெப்பமும் தரும். அதன்பின் போர்வை காப்பாக நீடிக்கும், ஆனால் ஈரத்தை விலக்காது. ‘எரியாது’ என்ற ஒரே சொல்லில் இதையெல்லாம் அடக்கிவிட முடியாது என்பதால், விமானத்துறை நேரத்தையும் வெப்பநிலையையும் வைத்தே பேசுகிறது. எஞ்சினை ஒட்டிய பாகம் ஒன்று 1,100 டிகிரி அளவிலான சுடரை 5 நிமிடம் தாங்கினால் அதற்கு ஒரு தகுதி, 15 நிமிடம் தாங்கினால் அதைவிட உயர்ந்த தகுதி. பெரிய பயணியர் விமானங்களின் உடற்பகுதிக் காப்புக்கு அமெரிக்க விதி கேட்பது 4 நிமிடம்: தரையில் கொட்டிய எரிபொருள் வெளியே பற்றி எரியும்போது, உள்ளே இருப்பவர்கள் இறங்கித் தப்பிப்பதற்கான நேரம் அது.

இவை எல்லாம் ஒன்றுசேரும் இடத்தை 2012 ஜூலை 23ஆம் நாள் வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து பறந்த ஐஆர்விஇ-3 சோதனையில் பார்க்கலாம். ராக்கெட்டின் கூம்புக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த, காற்றுப்பைகளாலான அந்தக் கலம், மேலே போனதும் வாயு நிரம்பி 3 மீட்டர் அகலக் குடைக் கூம்பாக விரிந்து, ஒலியைவிடப் பத்து மடங்கு வேகத்தில் கீழே பாய்ந்தது. வெளியே இருந்து உள்ளே போனால் அதன் கவசம் மூன்று பகுதி: பிழம்பைப் பார்க்கும் பக்கத்தில் நெக்ஸ்டெல் என்ற பீங்கான் இழைத் துணி, அதன் பின்னால் இழை கலந்த ஏரோஜெல் போர்வை, கடைசியில் வாயு கசியாமல் தடுக்கும், அலுமினியம் பூசிய காப்டன் என்ற நெகிழித் தாளும் கெவ்லார் என்ற வலுவான இழைத் துணியும் ஒட்டிய படலம். காற்றின் அரிப்பைப் பீங்கான் துணி ஏற்றது. சூடு உள்ளே போவதை ஏரோஜெல் தாமதப்படுத்தியது. உருக்குலைந்துவிடக்கூடிய காற்றுப்பைகள் அதன் நிழலில் பிழைத்தன. ஸ்டார்டஸ்ட் பெட்டகத்தின் முகப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆயிரம் வாட் அளவில் வெப்பம் பாய்ந்தது. இங்கே பத்து இருபது வாட் அளவில்தான். அகன்ற குடை காற்று மெலிந்த உயரத்திலேயே வேகத்தை இழந்துவிடுவதால்தான் இவ்வளவு குறைவு. ஏரோஜெல்லுக்கு அங்கே இடம் கிடைத்தது பொருளின் ஆற்றலால் மட்டுமல்ல, கலத்தின் வடிவத்தால் என்பதைக் கவனிக்க வேண்டும். 2022 நவம்பர் 10ஆம் நாள் லாஃப்டிட் என்ற 6 மீட்டர் குடை, பூமியைச் சுற்றும் பாதையின் முழு வேகத்திலிருந்து திரும்பி ஹவாய் அருகே கடலில் இறங்கியபோது, வெளித்துணி சிலிக்கான் கார்பைடாக மாறியிருந்தது. துணி, காப்பு, வாயுத்தடுப்பு என்ற வரிசை மாறவில்லை.

இரண்டாம் அடுக்கிலிருந்து முன்னால் நகரும் முயற்சிகளும் நடக்கின்றன. முத்துமாலைச் சட்டகத்தைக் கைவிட்டு, மிக மெல்லிய பீங்கான் தகடுகளாலோ நானோ இழைகளாலோ ஏரோஜெல்லைக் கட்டுவதுதான் அவற்றின் பொதுப் போக்கு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமும் சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட போரான் நைட்ரைடு ஏரோஜெல், அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்காமல் உள்வாங்கும். சூடேற்றினால் விரியாமல் சுருங்கும். விநாடிக்கு 275 டிகிரி வேகத்தில் மாறி மாறிச் சூடும் குளிரும் கொடுத்தும் அது தன் வலுவை இழக்கவில்லை. ஹார்பின் குழுவினர் 2022இல் ‘நேச்சர்’ இதழில் தந்த சிர்க்கான் இழை ஏரோஜெல், 1,000 டிகிரியில் மீட்டர்-கெல்வினுக்கு 0.104 வாட் கடத்துத்திறன் காட்டியது. அறை வெப்பநிலையில் கிடைக்கும் 0.015 வாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய எண்ணாகத் தோன்றும். 1,000 டிகிரியில், கதிர்வீச்சு எல்லாப் பக்கமும் கசியும் சூழலில், இது அரிய எண். ஆனால் இவை ஆய்வகத்தில் செய்த சிறு துண்டுகளின் அளவீடுகள். ஏவும்போது எழும் ஒலியின் அதிர்வில் இழைகள் உதிராமல் இருக்குமா, மாதக்கணக்கில் மடிந்து கிடந்த கோட்டில் கவசம் மெலிந்துபோகுமா, இரண்டு துண்டுகள் சேரும் மூட்டில் சூடான வாயு புகுமா என்பவற்றை, மின்வில் கொண்டு காற்றைப் பிழம்பாக்கிப் பீய்ச்சும் சோதனைக்கூடங்களில் சதுர மீட்டர் கணக்கில் தைத்த கவசங்களை நிறுத்தித்தான் அளந்தாக வேண்டும்.